சொல்லும் பொறியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகச் சொல்லைப் பற்றியே கூடிப் பேசிவரும் ஓர் அவையில் இயந்திரங்களைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. விடை தமிழிலேயே இருக்கிறது. 'பொறி' என்னும் ஒரே சொல் இயந்திரத்தையும் குறிக்கும். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் குறிக்கும். 'நூல்' என்னும் ஒரே சொல் பஞ்சிலிருந்து திரிக்கும் இழையையும் குறிக்கும். புலவன் இயற்றும் பனுவலையும் குறிக்கும். மனிதன் கை வைக்காமல் தானே உணர்ந்து, தானே முடிவெடுத்து, தானே இயங்கும் பொறிகளின் வரலாறு இவ்விரு சொற்களின் இரட்டைப் பொருளுக்குள் அடங்கிவிடுகிறது.

அத்தகைய பொறிக்கு ஓர் உடல் உண்டு. உணரிகள், சக்கரங்கள், எஞ்சின்கள், மின்சுற்றுகள் எல்லாம் சேர்ந்த அதனை வன்பொருள் என்பர். அவ்வுடலுக்கு இடப்படும் ஆணைத் தொகுதி ஒன்று உண்டு, அது மென்பொருள். உடலைச் செய்வோர் ஒரு கூட்டத்தார். ஆணை எழுதுவோர் வேறொரு கூட்டத்தார். இரு சாராரும் தத்தம் பணியைப் பிழையறச் செய்துவிட்டாலும், இரண்டும் கூடும் இடத்தில் பெருந்தோல்வி நேரலாம் என்பதைச் சென்ற அரை நூற்றாண்டு மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. அந்தப் பொருத்துவாயில் பெரும்பாலும் உடைவது இரும்பன்று, ஒரு சொல்.

முதற்சான்று நிலவுப் பயணம். 1960களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் கருவியியல் ஆய்வகம் அப்பல்லோ கலங்களுக்கான வழிகாட்டுக் கணிப்பொறியை வடிவமைத்தது. அதன் நிலை நினைவகத்தில் 36,864 சொற்களுக்கு இடம். அழித்தெழுதும் நினைவகத்தில் 2,048 சொற்களுக்கு இடம். நினைவகத்தின் ஓரலகைக் கணிப்பொறியாளர்கள் 'சொல்' என்றே வழங்குகின்றனர் என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தி. அந்த நிலை நினைவகம் எழுதப்படவில்லை, நெய்யப்பட்டது. வால்தம் நகரில் ரேத்தியான் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, மெல்லிய செப்புக் கம்பி கோத்த ஊசியைச் சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே செலுத்தினர். கம்பி வளையத்தினுள் புகுந்தால் 1. புகாமல் ஒதுங்கிச் சென்றால் 0. நெய்து முடித்தபின் ஓரெழுத்தை மாற்றுவதும் எளிதன்று. சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உருவகித்த நன்னூலாருக்கு இக்காட்சி புதுமையாகத் தோன்றியிராது. அங்கே நூலே நூலாயிற்று. மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் இடையே வேற்றுமையே இல்லாமல் போயிற்று.

ஆயினும் பொருத்துவாயில் ஒரு குறை தங்கிவிட்டது. 1969 ஜூலை 20 அன்று ஈகிள் கலம் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, கணிப்பொறி 1202 என்னும் எச்சரிக்கை எண்ணைக் காட்டியது, பின்னர் 1201. கணிப்பொறிக்குத் தாங்க முடியாத அளவு வேலை சேர்ந்துவிட்டது என்பதே அவற்றின் பொருள். மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலத்தைக் கண்டறிவதற்கான ரேடாரின் நிலைமாற்றி அப்போது இருந்த நிலையில், அந்த ரேடாருக்கும் கணிப்பொறிக்கும் தனித்தனியே 800 சுழற்சி மின்னோட்டம் ஊட்டப்பட்டு வந்தது. இரண்டின் அதிர்வெண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இணைப்பு ஆவணம் விதித்திருந்தது. இரண்டும் ஒரே கட்டத்தில் தொடங்க வேண்டும் என்று அது விதிக்கவில்லை. இருவர் ஒரே காலப்பிரமாணத்தில் தாளம் போட்டும் எடுப்பு மட்டும் வேறுபட்டு நிற்பது போன்ற நிலை அது. அசையாதிருந்த ஆன்டென்னா ஓயாமல் அசைவதாகக் கருதிய மின்சுற்று, கணிப்பொறியின் எண்ணிகளுக்கு விநாடிதோறும் ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பியது. ஒவ்வொரு துடிப்பும் கணிப்பொறியின் நேரத்தில் ஒரு துளியைத் திருடியது. அவ்வாறு திருடுபோனது மொத்தம் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினைந்து அளவில் இருக்கும். இறங்கும் பணிக்குப் பிறகு மிஞ்சியிருந்த நேரமும் ஏறத்தாழ அவ்வளவே.

அன்று அழிவு நேராமைக்குக் காரணம், ஆணை எழுதியவர்கள் உடல் தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணியிருந்தமைதான். ஹால் லேனிங் வகுத்த செயலாட்சி முறை, பணிகளை முதன்மை நோக்கி வரிசைப்படுத்தியது. மார்கரெட் ஹாமில்டன் முதலியோர் உழைத்து உருவாக்கிய மென்பொருள், வேலை மிகுந்தால் தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொண்டு, இன்றியமையாத பணிகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைந்திருந்தது. கீழே ஹூஸ்டனில் வழிகாட்டுப் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் பேல்ஸ், இறங்குவதைத் தொடரலாம் என்று துணிந்து கூறினார். கலத்தினுள் ஆம்ஸ்ட்ராங் இருந்தார். விடுபட்ட ஒரு சொல்லின் குறையை ஆணையின் பொறுமையும் மனிதரின் துணிவும் நிறைவு செய்தன.

மனிதர் உடனில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை இரண்டாம் சான்று காட்டும். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ஏவூர்தி தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 40 விநாடிகளில் அது சிதறியது. கிளஸ்டர் என்னும் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன. ஏவூர்தியின் நிலையையும் வேகத்தையும் அளந்து கூறும் கருவியின் மென்பொருள், முன்னோடியான ஏரியான் 4இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. பல முறை பறந்து மெய்ப்பிக்கப்பட்ட மென்பொருள் என்பதே அதற்கான தகுதி. ஆனால் புதிய ஏவூர்தி கிடைத்தள வேகத்தைப் பழையதைவிட மிக விரைவில் எட்டுவது. 64 இரும இலக்கங்களில் குறித்த ஓர் அளவை 16 இரும இலக்கங்களுக்குள் அடக்க முயன்றபோது அது கொள்ளவில்லை. அவ்வகைக் கொள்கலத்தில் அடங்கும் பேரெண் 32,767. எண் நிரம்பி வழிந்தது. கருவி தன்னை நிறுத்திக்கொண்டது.

இங்கே கவனத்திற்குரிய செய்திகள் மூன்று. முதலாவது, அந்தக் கணக்கு ஏவூர்தி தரையில் நிற்கும்போது மட்டுமே பயனுடையது. பறக்கத் தொடங்கியபின் அதனால் புதிய ஏவூர்திக்குப் பயனேதும் இல்லை. பழைய உடலுக்காக வைத்த வழக்கம், புதிய உடலிலும் தொடர்ந்தது. இரண்டாவது, மாற்றுக் கருவி ஒன்றும் உடன் பறந்தது. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்பது வன்பொருளின் அறம். உலோகம் ஒன்றுபோல் மற்றொன்று ஒரே கணத்தில் உடைவதில்லை. மென்பொருளுக்கு அந்த அறம் பொருந்தாது. ஒரே ஏட்டின் இரு படிகளில் ஒரே பிழைதான் இருக்கும். ஆகவே இரு கருவிகளும் ஒரே காரணத்தால், ஒரு விநாடிக்குள் அடுத்தடுத்து நின்றன. மூன்றாவது, நின்ற கருவி அனுப்பிய பழுதறிக்கையைத் தலைமைக் கணிப்பொறி பயண அளவு என்று தவறாகப் படித்தது. இல்லாத விலகலைத் திருத்துவதற்காக எஞ்சின் குழல்களை முற்றாகத் திருப்பியது. அழுகுரலைக் கட்டளை என்று கேட்ட கதை அது. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு மற்றொன்றையும் சுட்டியது: முழு அமைப்பின் சோதனைகளில் அந்த அளவுக் கருவி நேரடியாக இணைக்கப்படவில்லை; அதற்குப் பதிலாக அதன் போலி ஒன்றே வைக்கப்பட்டிருந்தது. உடலும் ஆணையும் ஒருவரையொருவர் உண்மையில் சந்தித்தது வானத்தில்தான்.

மூன்றாம் சான்று செவ்வாயின் தென்முனைப் பகுதியில் இறங்கச் சென்ற மார்ஸ் போலார் லேண்டர். 1999 ஜனவரி 3 அன்று புறப்பட்ட அக்கலம், அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று இறங்கும் வேளையில் மௌனமாயிற்று. பின் அதனிடமிருந்து ஒரு குறிப்பும் வரவில்லை. அதற்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலிலும் தரையைத் தொட்டதும் குறிப்புத் தரும் ஓர் உணரி. தரை தட்டியதும் எஞ்சினை நிறுத்த வேண்டும். இல்லையேல் கலம் கவிழும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மடங்கியிருந்த கால்கள் விரியும். விரிந்து நிற்கும் அதிர்ச்சியில் தரையைத் தொட்டது போன்ற பொய்க்குறிப்பு ஒரு கணம் எழக்கூடும் என்பது சோதனைகளில் தெரிந்திருந்தது. ஆனால் மென்பொருளாளர் கையிலிருந்த தேவை ஆவணம் அப்பொய்க்குறிப்பை விளக்கிக் கூறவில்லை. 40 மீட்டர் உயரத்திற்குக் கீழே வந்தபின்னரே தொடுகுறிப்பைப் பொருட்படுத்த வேண்டும் என்னும் விதியை அவர்கள் நிறைவேற்றினார்கள். அதற்கு முன் பதிவாகி நின்றுவிட்ட பழைய குறிப்பை அழிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்ற வழியில்லை.

விசாரணைக் குழு மிகப் பெரிதும் நிகழ்ந்திருக்கக்கூடியதெனக் கருதியது இது: 40 மீட்டர் உயரத்தை எட்டியதும் கணிப்பொறி தொடுகுறிப்பைப் பார்த்தது, நெடுநேரம் முன்பு கால் விரிந்தபோது பதிந்த பொய் அங்கே காத்திருந்தது, தரை வந்துவிட்டதென நம்பி எஞ்சினை நிறுத்தியது. கலம் விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியிருக்கும். தரையில் நடந்த சோதனை ஒன்றில் இப்பிழை வெளிப்பட்டிருக்கலாம். அச்சோதனையின்போது உணரிகளின் கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. இணைப்பு திருத்தப்பட்டது, கால் விரியும் சோதனை மட்டும் திரும்ப நடத்தப்படவில்லை. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒரு வரியை விட்டுவிட, ஒப்புநோக்குவோரும் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் சென்றது போன்ற நிகழ்ச்சி. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கலம், குறைகள் தேடித் தேடித் திருத்தப்பெற்று, பீனிக்ஸ் என்னும் பெயருடன் 2008 மே 25 அன்று செவ்வாயின் வடபகுதியில் நலமே இறங்கியது. பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

இவையெல்லாம் வானத்துக் கதைகள், இழப்பு பொருளிழப்பு. தன்னியங்கு பொறிகள் தெருவுக்கு வந்தபோது இழப்பின் தன்மை மாறிற்று. 2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துவந்த தன்னோட்டக் கார் ஒன்று, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதி அவர் உயிரைப் பறித்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. உடலின் கண்கள் குருடாக இருக்கவில்லை, மோதலுக்கு 5.6 விநாடி முன்பே உணரிகள் அப்பெண்ணைக் கண்டுவிட்டன. ஆணைத் தொகுதிதான் அவருக்குப் பெயரிட முடியாமல் தவித்தது. ஒரு கணம் வாகனம் என்றது. ஒரு கணம் இனம் தெரியாப் பொருள் என்றது. ஒரு கணம் மிதிவண்டி என்றது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடம் கணக்கிலிருந்து நீங்கியது. தடம் இல்லையேல் அடுத்த அடி எங்கே விழும் என்று கணிக்க இயலாது. குறுக்குக் கோடு இல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பர் என்னும் எண்ணமே அந்த அமைப்பில் இடம் பெறவில்லை. காரைச் செய்த நிறுவனம் பொருத்தியிருந்த அவசரத் தடுப்பு ஏற்பாடும், புதிய அமைப்போடு முரண்படாதிருக்கும் பொருட்டுத் தன்னோட்ட நிலையில் முடக்கப்பட்டிருந்தது. இருக்கையில் இருந்த கண்காணிப்பாளர் சாலையைப் பார்த்திருக்கவில்லை. ஒருவரை மற்றொருவர் காப்பார் என்று ஒவ்வொரு பகுதியும் நம்பியிருந்த இடத்தில், காப்பவர் எவரும் இல்லை.

பெயரிடுதல் கவிஞர்களின் தொழில். கண் கண்டதற்குச் சரியான பெயர் கிடைக்காவிடினும் கண்டதை இழந்துவிடலாகாது என்பதை அவர்கள் அறிவர். பெயர் தெரியாத பறவையும் பறவையே. பெயர் தெரியாத மனிதரும் மனிதரே. இவ்வெளிய உண்மை ஓர் ஆணைத் தொகுதியில் எழுதப்படாமல் போனதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

இனி, தோல்வியிலிருந்து கற்ற சான்று ஒன்று. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான் 2இன் விக்ரம் கலம் நிலவில் மெல்ல இறங்கத் தவறி மோதியது. முதற்கட்டம் திட்டப்படியே நடந்தது. உயரம் 30 கிலோமீட்டரிலிருந்து 7.4 கிலோமீட்டருக்கும், வேகம் விநாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டருக்கும் குறைந்தன. அதன் பின்னரே கணக்குப் பிசகியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்த எஸ். சோமநாத் 2023இல் அதன் காரணங்களை வெளிப்படையாக விளக்கினார். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன, பிழைகள் சேர்ந்தன. சேர்ந்த பிழையைத் திருத்தக் கலம் மிக விரைந்து திரும்ப வேண்டியதாயிற்று. அவ்வளவு விரைவு தேவைப்படும் என்று எவரும் எண்ணாமையால் மென்பொருள் அதற்கு ஒரு வரம்பு விதித்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்னும் சிறு சதுரம். அதை எட்டியாக வேண்டும் என்று, தரையை நெருங்கிய நிலையிலும் கலம் வேகத்தைக் கூட்டியது. உடல் தன் இயல்பை மீறியது. ஆணை தன் சொல்லை மீறவில்லை. இரண்டின் இடையே கலம் வீழ்ந்தது.

சந்திரயான் 3இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது என்று கேட்பதை அக்குழுவினர் நிறுத்தினர். எது எது தவறக்கூடும், தவறினும் எப்படி இறங்குவது என்று கேட்கத் தொடங்கினர். ஐந்து எஞ்சின்கள் நான்காயின. கால்கள் உறுதி பெற்றன. வேகத்தை நேரே அளக்கும் லேசர் உணரி சேர்ந்தது. இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது, உடலையும் ஆணையையும் தரையிலேயே சந்திக்க வைத்தமை. உணரிகளையும் வழிகாட்டு மென்பொருளையும் ஹெலிகாப்டரில் ஏற்றிப் பறக்கவிட்டுப் பார்த்தனர்; எஞ்சினை எரியவிட்டுக் கிரேனில் தொங்கவிட்டுப் பார்த்தனர்; கால்களை நிலவு மண்ணை ஒத்த தளத்தில் இறக்கிப் பார்த்தனர். நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட்டுப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதியில் உண்டு. இத்தகைய சோதனைகளுக்கான மண் அங்கிருந்து சென்றது. 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்குக் கலம் நிலவின் தென்முனைக்கு அருகே நலமே இறங்கியது.

இச்சான்றுகள் அனைத்தையும் ஒரு சரடில் கோத்தால் தெளிவாகும் செய்தி ஒன்று. எங்கும் அறியாமை காரணமன்று. கட்டம் ஒன்றாயிராவிடில் என்ன நேரும் என்பது மின்பொறியாளருக்குத் தெரியும். புதிய ஏவூர்தி விரைவானது என்பது அதனைச் செய்தவருக்குத் தெரியும். கால் விரியும்போது பொய்க்குறிப்பு எழும் என்பது சோதித்தவருக்குத் தெரியும். தெரிந்தவரிடமிருந்து தெரிய வேண்டியவருக்கு அச்செய்தி சென்று சேரவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று விட்டதே எல்லா இடத்தும் வினையாயிற்று.

கவிதையில் சொல்லாமல் விடுவது சிறப்பு. அகப்பாடலின் உயிர் இறைச்சியிலும் உள்ளுறையிலும் இருக்கிறது. சொல்லாத பொருளை நிறைவு செய்யப் படிப்பவனின் உள்ளம் இருக்கிறது என்னும் நம்பிக்கையே கவிஞனுக்கு அந்த உரிமையைத் தருகிறது. பொறியிடம் அந்த உள்ளம் இல்லை. எழுதியதை மட்டுமே அது செய்யும். எழுதாததை ஒருபோதும் ஊகிக்காது. ஆகவே பொறிக்கு எழுதுபவன் கவிஞனுக்கு நேர் எதிரான தவம் புரிய வேண்டியவன். கவிஞன் எதைச் சொல்லாமல் விடலாம் என்று தேர்கிறான். பொறிக்கு எழுதுபவன், தான் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று தேடுகிறான். இரு தவங்களும் வேண்டுவது ஒரே கூர்மை: சொல்லுக்கும் மௌனத்திற்கும் இடையிலுள்ள எல்லையை அறியும் கூர்மை.

அந்தக் கூர்மையைப் பயிற்றும் இடம் இத்தகைய வட்டங்களே. அறிவியல் தமிழ் என்றவுடன் கலைச்சொல்லாக்கம் ஒன்றே நினைவுக்கு வருகிறது. சொல் வேண்டும், ஐயமில்லை. ஆயினும் மேற்கண்ட அழிவுகளில் ஒன்றுகூடக் கலைச்சொல் இல்லாமையால் நேரவில்லை. ஒரு துறையார் அறிந்ததை மற்றொரு துறையார்க்கு ஐயமற, விடுபாடின்றி, எளிய வாக்கியத்தில் எடுத்துரைக்கும் உரைநடை இல்லாமையால் நேர்ந்தவை அவை. மருத்துவமனைக் கருவிகளும் வாகனங்களும் வயல்களின் மீது பறக்கும் ஊர்திகளும் மேலும் மேலும் தாமே முடிவெடுக்கத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அவற்றைச் செய்வோரிடையே தமிழ் இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். பள்ளியில் அவர்கள் கற்ற முதல் உரைநடை தமிழ். ஒரு வாக்கியத்தைத் திரும்பப் படித்து, இதில் எது விடுபட்டது என்று கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஊட்ட வல்லவர்கள் மொழியாசிரியர்களும் எழுத்தாளர்களுமே.

பத்து ஆண்டுகள் ஒரு சொல்லின் நிறை குறையை ஒப்புநோக்கி வந்த வட்டம் இது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், கவிதையின் மௌனத்தைப் போற்றுவதோடு, வாழ்வைக் காக்கும் வாக்கியத்தின் தெளிவையும் போற்றி வளர்வதாக.